அரியர்: கடனா, தீர்ப்பா?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் யாரும் ஃபெயில் ஆவதில்லை. அரியர் வைக்கிறார்கள். வினைச்சொல்லைக் கவனியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒருவன் ஃபெயில் 'ஆகிறான்'. அதே பையன் கல்லூரிக்கு வந்ததும் அரியர் 'வைக்கிறான்', மளிகைக் கடையில் பாக்கி வைப்பதுபோல. "எத்தனைடா மாப்ள வச்சிருக்க?" என்று கேட்டால் "நாலு" என்று பதில் வரும். கேட்டவன் துக்கம் விசாரிக்கவில்லை, சொன்னவன் அழவில்லை. இரண்டு பேரும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அரியர் என்றால் நிலுவை. அவ்வளவுதான் பொருள். அப்பா அரசு ஊழியராக இருந்தால் அவருக்கும் அரியர் வரும், அகவிலைப்படி அரியர். அது வந்த மாதம் வீட்டில் புதுத் துணி. ஒரே சொல், ஒரே வீடு. அங்கே அரசாங்கம் அப்பாவுக்குப் பாக்கி, இங்கே மகன் யாருக்கோ பாக்கி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, தேறாத பாடத்துக்கு நேரே 'ஆர்ஏ' என்று இரண்டு எழுத்துகள் விழும். மறுபடி எழுத வேண்டும் என்பதன் சுருக்கம் அது. தாளைத் திருத்தும் அமைப்பே 'நீ தோற்றாய்' என்று சொல்லவில்லை, 'திரும்ப வா' என்றுதான் சொல்கிறது.

ஆனால் ரிசல்ட் வருகிற ராத்திரியில் இந்த அர்த்தமெல்லாம் காணாமல் போய்விடுகிறது. பதிவு எண், பிறந்த தேதி, சுற்றிக்கொண்டே இருக்கும் வலைத்தளம். பக்கம் திறந்ததும் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்க்கிறவனின் காதில் விழுவது வேறொரு வாக்கியம்: 'நீ இவ்வளவுதான்.' தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,089 பேர். எல்லோருக்கும் காரணம் தேர்வு அல்ல. ஆனால் தேர்வு முடிவு வரும் வாரங்களில் நம் செய்தித்தாள்களைப் படிக்கிறவர்களுக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை.

தேர்வில் தோற்ற பிறகு என்ன செய்யலாம் என்று கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். மறுமதிப்பீடு, மறுதேர்வு, இடைவேளை, படிப்பை மாற்றுவது. அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்தாக வேண்டும். அரியர் என்பது கடனா, தீர்ப்பா? கடன் என்றால் அடைக்க வழி தேடுவோம். தீர்ப்பு என்றால் தண்டனையைத் தேடுவோம். எந்த வழி கண்ணுக்குத் தெரியும் என்பதே இந்தப் பதிலைப் பொறுத்தது.

*

மதுரைக்காரர்களுக்குத் தேர்வு என்பது புதுசு இல்லை. புராணப்படி இந்த ஊரே ஒரு தேர்வுக்கூடம்தான். தகுதியான புலவருக்கு மட்டும் இடம்கொடுத்த சங்கப் பலகை இங்கேதான் இருந்தது. அந்த ஊரின் புகழ்பெற்ற 'ஃபெயில்' தருமியுடையது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை நமக்கெல்லாம் சினிமா வழியாகத் தெரியும். கல்யாணத்துக்குப் பணமில்லாத ஏழை இளைஞன் தருமி. பாண்டியன் அறிவித்த பொற்கிழிக்காக, சிவன் எழுதிக் கொடுத்த பாட்டைச் சபையில் வாசிக்கிறான். நக்கீரர் பொருள் குற்றம் என்று நிறுத்திவிடுகிறார். இறைவனே நேரில் வந்து வாதாடி நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் நக்கீரர் தன் கருத்திலிருந்து இறங்கவில்லை. வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார்.

நாம் பெரும்பாலும் இங்கே கதையை முடித்துக்கொண்டு, நக்கீரரின் நேர்மையைப் பாராட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, நக்கீரர் குற்றம் சொன்னது பாட்டில். தருமி எப்பேர்ப்பட்ட ஆள் என்பதைப் பற்றி அவருக்குக் கருத்தே இல்லை. அந்த வேறுபாட்டைக் கடைசிவரை காப்பாற்றியதால்தான் அவரால் கடவுளின் முகத்துக்கு நேராகவும் நிற்க முடிந்தது.

இரண்டாவது, புராணம் அங்கே முடியவில்லை. அடுத்த படலத்தில் நக்கீரர் கரையேற்றப்படுகிறார். அதற்கும் அடுத்த படலத்தின் பெயர் 'கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம்'. இலக்கணத் தெளிவு போதாததால்தான் கீரன் பிழைபட்டான் என்று, அகத்தியரை வரவழைத்துப் பாடம் நடத்த வைக்கிறார் இறைவன். அதாவது, வினாத்தாளைத் திருத்தியவரே மறுபடி வகுப்பில் உட்கார்கிறார். அதனால் அவர் நக்கீரராக இல்லாமல் போய்விடவில்லை. சபையில் நிறுத்தப்பட்ட பாட்டோ இன்றைக்கும் குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக இருக்கிறது.

எங்கள் தொழிலிலும் இதே ஏற்பாடுதான். ஒரு புரோகிராம் எழுதினால் அதைச் சோதிக்க நூறு டெஸ்ட் எழுதுகிறோம். தினமும் ஏதாவது சிவப்பில் நிற்கும். எந்த வரியில், எந்த இன்புட்டுக்கு உடைந்தது என்று அது சொல்லும். எழுதியவனின் எதிர்காலம் குறித்து அதற்கு அபிப்பிராயம் கிடையாது. சிவப்பைப் பார்த்ததும் நாங்கள் அந்த வரிக்குப் போகிறோம். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இந்த வசதியை யாரும் சொல்லித் தருவதில்லை.

*

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக்கு இந்தப் பாடம் இன்னும் நன்றாகவே தெரியும். பெரியாறு - வைகைப் பாசனத்தில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம், அதுவும் தண்ணீர் வந்தால். தண்ணீர் வராத வருசம் அங்கே ஒரு விவசாயி என்ன சொல்வார்? "இந்த வருசம் வெள்ளாமை பொய்ச்சிருச்சு." வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். பொய்த்தது வெள்ளாமை. அவர் அல்ல. மல்லிகை போட்டவர் ஆடி மாதத்தில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்து நிற்பார். கல்யாணம் இல்லாத மாதம், விலை கிடக்கும். "பூ கைகொடுக்கல" என்பார். பறித்த கூலிகூடத் தேறாத நாளில் வாய்விட்டுத் திட்டுவார். ஆனால் 'நான் பொய்த்துவிட்டேன்' என்று சொல்ல அவர் மொழியில் இடமே இல்லை.

அவர் மகன் கல்லூரிக்கு வந்து, அவர்கள் வீட்டில் யாருமே பார்த்திராத எம்-3 கணக்குத் தாளை எழுதிவிட்டு, "நான் ஃபெயில்" என்கிறான். ஒரே தலைமுறையில் எழுவாய் மாறிவிட்டது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது லேசானதும் அல்ல. மழை பெய்யாதது விவசாயியின் குற்றமா? இல்லை. ஆனால் இவன் படிக்கவில்லை. செமஸ்டர் முழுக்க மொபைலில் கேம் ஆடிவிட்டு, தேர்வுக்கு முந்தின ராத்திரி ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கினான். வெள்ளாமையோடு இதை ஒப்பிடுவது சோம்பேறித்தனத்துக்குச் சால்வை போர்த்துவது இல்லையா?

ஒரு பகுதி உண்மைதான். பல அரியர்களுக்குக் காரணம் வெறும் படிக்காமை. (பலவற்றுக்கு அது காரணமே இல்லை. பன்னிரண்டு வருசம் தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் பொறியியல் இயற்பியல் எழுதுகிறவனைக் கேட்டுப் பாருங்கள்.) ஆனால் இந்த எதிர்வாதம் கடன் என்ற கருத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. ஊதாரித்தனமாய் வாங்கிய கடனும் கடன்தான், அதற்கும் வரம்பு உண்டு. தீர்ப்பு ஆளையே கேட்கும், கடன் தொகையை மட்டும்தான் கேட்கும். பொறுப்பு ஏற்பதென்றால் ஏற்றுக்கொள்ள ஓர் ஆள் எழுந்து நிற்க வேண்டும். தன்னையே தள்ளுபடி செய்துகொண்டவன் எந்தப் பாக்கியையும் அடைக்க முடியாது.

*

கடன் என்றே வைத்துக்கொண்டால், கடன்காரனுக்கு இருக்கும் வழிகளெல்லாம் மாணவனுக்கும் இருக்கின்றன.

முதலில் பில்லைச் சரிபார்க்கலாம். விடைத்தாள் நகல் வாங்கி, பாடம் நடத்திய ஆசிரியரிடம் காட்டி, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது. மதிப்பிடப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில், சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது பிச்சை அல்ல, உரிமை. ஆனால் விண்ணப்பிக்கச் சில நாள்தான் கொடுப்பார்கள். மூடிய அறைக்குள் அழுது முடிப்பதற்குள் தேதி போய்விடும். இந்த வழியிலும் கறை உண்டு. 2017 ஏப்ரல்-மே தேர்வுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான மறுமதிப்பீட்டு விண்ணப்பங்கள் வந்தன, 73,733 பேர் தேறினார்கள். அடுத்த வருடம், பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டியதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. பில்லைச் சரிபார்ப்பது வேறு, பில் போடுகிறவனுக்குக் காசு கொடுப்பது வேறு.

இரண்டாவது, அடைப்பது. சலிப்பான வழி, பெரும்பாலோருக்குச் சரியான வழியும் இதுதான். அடுத்த தேர்வுப் பருவத்தில் பணம் கட்டி எழுதுவது. 2017 விதிமுறைப்படி மொத்தத்தில் 50 சதவீதம், அதில் பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம். இது மேதைமைக்கான எல்லைக்கோடு இல்லை. ஐந்து யூனிட்டில் மூன்றைச் செம்மையாகப் படித்தால் எட்டக்கூடியதுதான். நான்கு பாக்கி இருப்பவன் நான்கையும் ஒரே பருவத்தில் அடைக்கப் பார்த்து, நடப்புப் பாடத்தில் இரண்டைப் புதிதாக வைப்பதை எல்லா ஹாஸ்டலிலும் பார்க்கலாம். கந்துவட்டிக்கு வாங்கிக் கந்துவட்டியை அடைக்கிற கதை அது. இந்தப் பருவத்துக்கு இரண்டு, அடுத்த பருவத்துக்கு இரண்டு என்று பிரிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, தவணை கேட்பது. நான்கு வருட பி.இ.-யை முடிக்க அதே விதிமுறை ஏழு வருடம் தருகிறது. உடம்புக்கோ மனசுக்கோ முடியவில்லை என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஒரு வருடம் வரை படிப்பை நிறுத்திவைக்கலாம். இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். நான்கு வருடத்தில் முடிக்காதவன் செத்தவனுக்குச் சமம் என்று அவர்களிடம் யார் சொன்னதோ தெரியவில்லை, பல்கலைக்கழகம் சொல்லவில்லை.

நான்காவது, மஞ்சள் கடுதாசி. இந்தப் படிப்பு எனக்கானது அல்ல என்று அறிவித்துவிட்டு வெளியேறுவது. நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவரை ஏளனமாகப் பேசுவோம். ஆனால் திவால் சட்டம் என்று ஒன்று இருப்பதே, அடைக்கவே முடியாத கடனுக்காக ஒரு மனிதனின் மிச்ச வாழ்நாள் முழுவதையும் எழுதி வாங்கக் கூடாது என்பதற்காகத்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்தது. வேலை பார்த்துக்கொண்டே வணிகவியலோ வரலாறோ படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இந்தச் சமவெளியில் தெருவுக்குத் தெரு உண்டு. வெளியேறுவது எப்போது தவறு? ஒரு தாளின் ரிசல்ட் வந்த இரவில் முடிவெடுத்தால். எப்போது சரி? நன்றாக இருக்கிற ஒரு நாளிலும் அதே முடிவு தோன்றினால்.

ஐந்தாவதாக, தள்ளுபடி. அது ஒருமுறை நடந்தே விட்டது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், இறுதிப் பருவம் தவிர மற்றவற்றில் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. முதல்வருக்கு நன்றி சொல்லிப் போஸ்டர்கள் முளைத்தன. ஏஐசிடிஇ எதிர்ப்புத் தெரிவித்தது, வழக்கு நடந்தது. 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது, ஏதாவது ஒரு முறையில் தேர்வு நடத்துங்கள் என்றது.

அந்த மாதங்களின் மீம்களைத் தாண்டி யோசித்தால் ஒன்று புரியும். விவசாயக் கடன் தள்ளுபடியில் விவசாயிக்கு நிலம் மிச்சம். அரியர் தள்ளுபடியில் என்ன மிச்சம்? சர்க்யூட் பாடத்தில் எனக்கு இருந்த பாக்கியை அரசு எழுதிக் கழித்துவிடலாம். சர்க்யூட் எனக்குத் தெரியாது என்பதை அது கழிக்காது. ஆகவே இந்தக் கடன் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. அப்படியானால் யாருக்கு?

*

ஹாஸ்டலில் பக்கத்து அறையில் ஒரு நண்பன் இருந்தான். சோழவந்தான் பக்கத்துக் கிராமம், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவன். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு பாக்கி விழுந்தது. வீட்டில் சொல்லவில்லை. அரியர் ஃபீஸை 'லேப் ஃபீஸ்' என்று கேட்டு வாங்கினான். அடுத்த பருவத்தில் அது 'பிராஜெக்ட் ஃபீஸ்' ஆனது. ஊர்த் திருவிழாவுக்குப் போனால் யாராவது கேட்பார்கள் என்று ஊருக்குப் போவதை நிறுத்தினான். அம்மா போன் செய்தால் "கிளாஸ்ல இருக்கேன்" என்பான், ஞாயிற்றுக்கிழமையும். அவனுடைய அசல் இரண்டு தாள்தான். வட்டிதான் அவனைக் கொன்றுகொண்டிருந்தது. வட்டி என்று நான் சொல்வது மறைப்பை.

கடன்காரனின் முதல் கடமை திருப்பித் தருவது என்று நினைக்கிறோம். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, சரியான கணக்குச் சொல்வது. 'இந்த மாதம் முடியாது, இவ்வளவு இருக்கிறது, இப்போது தருகிறேன்' என்று வந்து சொல்கிறவனை ஊரில் நாணயஸ்தன் என்பார்கள். ஆளைக் கண்டதும் சந்தில் திரும்புகிறவனுக்குத்தான் வேறு பெயர். பெற்றோருக்கு ஒரு பிள்ளை தேர்ச்சியைக் கடன்பட்டிருக்கிறதா? இல்லை என்றே நினைக்கிறேன். யாராலும் உத்தரவாதம் தர முடியாத ஒன்றைக் கடனாகக் கேட்க முடியாது. உண்மையான கணக்கைக் கடன்பட்டிருக்கிறது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவருக்குப் பணம் என்ன ஆனது என்று அறிய உரிமை உண்டு. வெள்ளாமை பொய்த்த வருடங்களைப் பார்த்தவர் அவர், மகன் நினைப்பதைவிட அவருக்கு இந்த மொழி நன்றாகவே புரியும். நண்பன் விஷயத்தில் அக்கா மூலமாகத்தான் சேதி போனது. அப்பா ஹாஸ்டலுக்கு வந்தார். நாங்கள் பயந்துபோய் நின்றோம். "எப்ப திரும்ப எழுதணும்? எவ்வளவு கட்டணும்?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார்.

தோற்றவர்களுக்கு ஆறுதல் சொல்ல எல்லோரும் ராமானுஜனை இழுத்து வருகிறார்கள். தவறான இடத்திலிருந்து இழுக்கிறார்கள். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகை போயிற்று. எஃப்.ஏ. தேர்வை அவர் கடைசிவரை தேறவில்லை. பிறகு 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை, 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகமே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. இதைச் சொல்லி 'நீயும் ஆகலாம்' என்பது, எம்-3 கணக்கில் 38 வாங்கியவனுக்கு இன்னொரு தேர்வு வைப்பது. மேதையாக இருந்தால் மட்டும் மன்னிப்பு என்றல்லவா அதற்குப் பொருள்?

அந்த வாழ்க்கையில் சாதாரண மாணவனுக்கான பக்கம் 1905-ல் இருக்கிறது. உதவித்தொகை போன பதினேழு வயதுப் பையன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டான். வீடு தேடி அலைந்தது. அந்த இடத்தில் அவன் மேதை அல்ல, சொல்லப் பயந்த பையன். அவன் திரும்பி வந்தான், வீடும் அவனை ஏற்றுக்கொண்டது. எனக்கு அவருடைய எந்தச் சூத்திரமும் புரியாது. இது புரிகிறது.

*

சொல்லிவிடு என்பது எளிதான அறிவுரை. எல்லா வீடும் சொல்லக்கூடிய வீடு அல்ல. ஒரு அரியர் தெரிந்தால் "படிச்சது போதும்" என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் மதுரையைச் சுற்றி இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண் மறைப்பதை, என் நண்பன் மறைத்ததோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன். கணக்குக் கேட்க உரிமை உள்ளவருக்கு, கணக்கைக் கேட்டு ஆளை அழிக்காமல் இருக்கும் கடமையும் உண்டு. அது மீறப்படும் இடத்தில் பிள்ளையின் கடமையும் தளர்கிறது. அப்போதும் ஒருவரிடமாவது சொல்லியாக வேண்டும். அக்கா, சித்தி, அறைத்தோழி, ஒரு ஆசிரியர், யாருமே இல்லையென்றால் 104 அல்லது 14416. அந்த எண்களில் பேசுகிறவர்கள் உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டுத் திட்ட மாட்டார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும்போது அரசே தோற்ற பிள்ளைகளுக்கு ஆலோசனை ஏற்பாடு செய்கிறது, உடனே துணைத்தேர்வும் வைக்கிறது. கல்லூரிக்காரன் வளர்ந்துவிட்டான் என்று கணக்கு. அவன் ரிசல்ட் முன்னறிவிப்பில்லாமல் வருகிறது, விடுமுறையில், ராத்திரியில், அவன் தனியாக இருக்கும்போது. ஒவ்வொரு கல்லூரியும் 'ஆர்ஏ' விழுந்தவர்களின் பட்டியலை மறுநாள் காலையில் ஒரு ஆசிரியர் கையில் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு போன் செய்யச் சொல்லலாம். நகல் வாங்கக் கடைசித் தேதி என்ன, அடுத்த தேர்வு எப்போது, இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று மூன்று தகவல்கள் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

வேலைக்கு வரும்போது கம்பெனிகள் இரண்டு விதமாகக் கேட்கும். 'ஸ்டாண்டிங் அரியர்' உண்டா, 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' உண்டா. முதல் கேள்வி நியாயமானது, நிற்கும் பாக்கி எவ்வளவு என்று கேட்கிறது. இரண்டாவது, அடைத்த கடனையும் ஆளின் நெற்றியில் எழுதிவைக்கச் சொல்கிறது. நேர்முகத் தேர்வில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும் வயது எங்கள் தலைமுறைக்கு வந்துவிட்டது. படிவத்திலிருந்து அந்த இரண்டாவது கட்டத்தை எடுக்கச் சொல்லி மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம். மேலே போய் நிற்காமலும் போகலாம். ஆனாலும் போடலாம்.